20 வருஷம் யாரும் நம்பாத கொசுக் கணக்கு: யார் இந்த கார்லோஸ் ஃபின்லே?

1881-ம் ஆண்டு ஆகஸ்ட் 14. கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. ஹவானா நகரில் இருந்த ராயல் அறிவியல் கழகத்தில் கூட்டம் நடக்கிறது. 47 வயதான டாக்டர் ஒருவர் எழுந்து கட்டுரை வாசிக்கிறார். சின்ன வயதில் வந்த நரம்பு நோயால் அவருக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும்.

ஊரையே தலைமுறை தலைமுறையாகக் காவு வாங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் காய்ச்சலை ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குக் கொண்டுபோவது கொசுதான் என்பது கட்டுரையின் சாரம். ஹவானாவில் பறக்கும் கொசுக்களில் எது என்பதையும் அடையாளம் காட்டிவிட்டார். வாசித்து முடித்தபோது கேள்வி வரவில்லை, விவாதம் நடக்கவில்லை. கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு கூட்டம் கலைந்தது.

அவர் பெயர் கார்லோஸ் ஹுவான் ஃபின்லே. அவர் சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் 19 ஆண்டுகள் ஆனது. அதுவரை ஹவானாவில் அவருக்குக் கிடைத்த பட்டம் கொசு டாக்டர். பாராட்டாக இல்லை, கிண்டலாக.

அது என்ன மஞ்சள் காய்ச்சல்?

பெயரைக் கேட்டதும் மஞ்சள் காமாலை என்று நினைத்துவிட வேண்டாம். இது வேறு. கொசு மூலம் பரவும் வைரஸ் காய்ச்சல். முதலில் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி. மூன்று நாலு நாளில் விட்டதுபோல இருக்கும். பெரும்பாலானோருக்கு அதோடு சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் திரும்ப வரும். அப்போது கல்லீரல் பாதித்து கண்ணும் தோலும் மஞ்சளாகும், ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் கறுப்பாக வாந்தியாகும். ஸ்பானிஷ் மொழியில் இந்த நோய்க்குக் கறுப்பு வாந்தி என்றே ஒரு பெயர் உண்டு.

ஆப்பிரிக்காவில் பிறந்த நோய் இது. அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களில் குடிநீர்ப் பீப்பாய்களுக்குள் கொசுவும், மனித உடம்புக்குள் வைரஸும் சேர்ந்தே அட்லாண்டிக்கைக் கடந்தன. 1793-ல் அமெரிக்காவின் தலைநகராக இருந்த ஃபிலடெல்ஃபியாவில் சில மாதங்களில் சுமார் 5,000 பேர் இறந்தார்கள். நகர மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1878-ல் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

டாக்டர்களைக் குழப்பியது, இது பரவும் விதம்தான். நோயாளியைத் தொட்டுத் துடைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற நர்ஸுக்கு வராது. அந்த வீட்டுக்கே போகாத, இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு வரும். தெருவில் ஒரு பக்கம் மட்டும் விழும். குளிர் வந்தால் நின்றுவிடும். மலைமேல் ஏறாது. ஒட்டுவாரொட்டி என்று ஒரு கட்சி, அழுக்கிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்று இன்னொரு கட்சி. நோயாளியின் துணிமணி, படுக்கையில் விஷம் ஒட்டியிருக்கிறது என்று நம்பி அவற்றை எரிப்பது எல்லோருக்கும் பொதுவான பழக்கம். நல்ல நல்ல படுக்கைகள் எரிந்ததுதான் மிச்சம்.

ஸ்காட்லாந்து அப்பா, பிரெஞ்சு அம்மா

ஃபின்லே 1833 டிசம்பர் 3 அன்று கியூபாவின் புவெர்த்தோ பிரின்சிப்பே நகரில் பிறந்தார். இப்போது அந்த ஊரின் பெயர் கமாகுவே. அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா பிரெஞ்சுக்காரர். படிக்க பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் நோய் வந்தது, திக்கலும் வந்தது. ஊர் திரும்பி, மறுபடி ஐரோப்பா போய், டைஃபாய்டு வந்து மறுபடி திரும்பி என்று பள்ளிப் படிப்பே அலைச்சலாகிவிட்டது. கடைசியில் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1855-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அந்தக் கல்லூரியில் ஜான் கியர்ஸ்லி மிட்செல் என்ற பேராசிரியர் இருந்தார். சில காய்ச்சல்களுக்குக் காரணம் கெட்ட காற்று இல்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று, கிருமிக் கொள்கை நிலைபெறும் முன்பே நம்பியவர். மாணவரின் மனதில் அது தங்கிவிட்டது.

ஹவானாவில் கண் மருத்துவமும் பொது மருத்துவமும் பார்த்தார். 1865-ல் டிரினிடாட்டைச் சேர்ந்த அடேலா ஷைனைத் திருமணம் செய்துகொண்டார். 1867-68 வாக்கில் ஹவானாவில் காலரா வந்தபோது யாருக்கு வந்தது, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று தெருத் தெருவாகப் பார்த்தார். ஊருக்குள் ஓடிய திறந்த வாய்க்காலை ஒட்டியே நோய் விழுந்திருந்தது. தண்ணீரில்தான் கோளாறு என்று பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார். அரசுக்குப் பிடிக்காத செய்தி என்பதால் தணிக்கையில் அது நின்றுபோனது. லண்டனில் ஜான் ஸ்னோ பம்பு ஒன்றைக் காட்டிக்கொடுத்த கதையை எல்லோரும் படித்திருப்போம். ஹவானாவின் வாய்க்கால் கதை அவ்வளவாக வெளியே வரவில்லை.

பத்து வருஷம் தப்பான பாதையில்

மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில் ஃபின்லே எடுத்த எடுப்பில் கொசுவிடம் போய்விடவில்லை. ஹவானா காற்றில் காரத்தன்மை அதிகம், அதுதான் காரணம் என்று பத்து வருஷத்துக்கும் மேலாக நம்பினார். தினமும் காற்றை அளந்து குறித்துக்கொண்டார். 1872-ல் இதைப் பற்றி அறிவியல் கழகத்தில் கட்டுரையும் வாசித்தார். கழகத்தினர் கொசுக் கட்டுரையைச் சந்தேகமாகப் பார்த்ததற்கு இந்தப் பழைய கதையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1879-ல் மஞ்சள் காய்ச்சலை ஆராய அமெரிக்கக் குழு ஒன்று ஹவானா வந்தது. உள்ளூர்த் தரப்பில் அதோடு வேலை செய்ய ஃபின்லேவை ஸ்பானிஷ் அரசு நியமித்தது. அந்தக் குழு எடுத்த நுண்ணோக்கிப் படங்களில் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ரத்தக்குழாயின் உட்சுவர் பழுதாகி, சிவப்பணுக்கள் முழுசாக வெளியே கசிந்திருந்தன. நோயின் இடம் ரத்தக்குழாய் என்றால், அது அடுத்த ஆளுக்குப் போக ரத்தக்குழாய்க்குள் குத்த வேண்டும். மூச்சுக்காற்றாலோ தொடுவதாலோ அது நடக்காது. ஊசி வேண்டும். வெயில் ஊர்களில் வீட்டுக்குள்ளேயே ஊசியோடு சுற்றுவது யார்?

பத்து வருஷ உழைப்பை அவர் அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். இதுதான் அவர் வாழ்க்கையில் பெரிய காரியம் என்று தோன்றுகிறது. கொசு அதற்குப் பிறகுதான்.

அப்புறம் கொசுக்களைப் பிடித்து வளர்க்க ஆரம்பித்தார். ஹவானாவில் வீட்டைச் சுற்றி முக்கியமாக இரண்டு வகை. ஒன்று ராத்திரியில் கடித்து ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போய்விடும். இன்னொன்று பகலில் கடிக்கும். கொஞ்சம் குடிக்கும், விரட்டினால் பறக்கும், இன்னொருத்தரைக் கடிக்கும். வீட்டுப் பாத்திரத்தில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். பெண் கொசு மட்டுமே, முட்டை வளர்வதற்காக ரத்தம் குடிக்கும். குளிரில் முடங்கிப்போகும், உயரமான இடங்களில் அதிகம் இல்லை. நோய் எங்கே நிற்கிறதோ அங்கே இந்தக் கொசுவும் நிற்கிறது. கணக்கு பொருந்தியது.

காலில் வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கொசுவின் இன்றைய பெயர் ஏடிஸ் எஜிப்டி. தமிழ்நாட்டில் டெங்கு, சிக்குன்குனியா காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியையும் பழைய டயரையும் பூந்தொட்டித் தட்டையும் கவிழ்த்துப் பார்ப்பது இதே கொசுவைத் தேடித்தான்.

கொசுவைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் ஃபின்லே என்று சொல்லிவிட முடியாது. 1850-களிலேயே வெனிசுவேலாவில் லூயி தானியல் பொப்பர்துய் என்ற டாக்டர் கொசுவைக் குற்றம் சொன்னார். ஆனால் சதுப்பு நிலத்தின் அழுகல் விஷத்தைக் கொசு கொண்டுவருகிறது என்பது அவர் எண்ணம். நோயாளியின் ரத்தத்திலிருந்து அடுத்த ஆளின் ரத்தத்துக்கு என்று ஃபின்லேதான் பாதையைச் சரியாகப் போட்டார். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் பார்த்தது இதற்கு 16 ஆண்டுகள் கழித்து, 1897-ல்.

எங்கே சறுக்கியது?

சொல்லிவிட்டால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? 1881 கோடையில் ஃபின்லே சோதனையைத் தொடங்கினார். பருத்திப் பஞ்சால் அடைத்த கண்ணாடிக் குழாயில் கொசுவை வைத்துக்கொண்டு போவார். நோயாளியின் தோலில் குழாயைக் கவிழ்த்து கடிக்க விடுவார். சில நாள் கழித்து அதே கொசுவை ஆரோக்கியமான ஒருவரிடம் விடுவார். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த சிப்பாய்களும், பிறகு பாதிரியார்களும் இதற்கு முன்வந்தார்கள். ஊருக்குப் புதியவர்களைத்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கும் என்பதால் அவர்கள்.

ஒரு கொசு கடித்தால் லேசான நோய் வரும், அதுவே பாதுகாப்பாகவும் ஆகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. க்ளாடியோ தெல்காதோ என்ற டாக்டர் நண்பர் கூடவே இருந்தார். இருவரும் 20 ஆண்டுகளில் 100-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் செய்தார்கள். சிலருக்கு லேசான காய்ச்சல் வந்தது. சந்தேகமே இல்லாத மஞ்சள் காய்ச்சல் என்று எதிராளியும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒன்றுகூட அமையவில்லை.

கொசு சரி. ஆள் சரி. நாள்தான் தப்பு.

நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருப்பது காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாலு நாளில். அதற்குப் பிறகு கடித்த கொசுவுக்கு ஒன்றும் கிடைக்காது. சரியான நாளில் கடித்திருந்தாலும், வைரஸ் கொசுவின் வயிற்றிலிருந்து பெருகி எச்சில் சுரப்பிக்குப் போய்ச்சேர சுமார் 12 நாள் வேண்டும். அதுவரை அந்தக் கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் நோய் போகாது. ஃபின்லே பெரும்பாலும் சில நாள்களிலேயே கொசுவைப் பயன்படுத்திவிட்டார். கொசுவை அவர் ஊசியாகத்தான் நினைத்தார். அதற்குள் ஒரு அடுப்பு எரிகிறது, வேக நேரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

நாள்காட்டியை வைத்துத் துப்பறிந்தவர்

விடுபட்ட அந்தக் கணக்கைப் பிடித்தவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர். அமெரிக்காவின் துறைமுகத் தனிமைப்படுத்தல் அதிகாரி. கப்பல்களில் நோய் எப்போது வந்தது என்று பதிவு செய்து செய்து பழகியவர். 1898-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ஆர்வுட், டெய்லர் என்ற சின்ன ஊர்களில் நோய் பரவியது. பெரிய நகரத்தில் யார் யாரிடமிருந்து வாங்கினார் என்று பார்க்க முடியாது. ஒதுக்குப்புறமான பண்ணை வீடுகளில் முடியும். எந்த வீட்டில் முதல் ஆள் எந்தத் தேதி படுத்தார், அந்த வீட்டுக்கு யார் எப்போது வந்துபோனார், அவர் எப்போது படுத்தார் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்.

முதல் நோயாளி படுத்த மறுநாளே வந்துபோனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து, நோயாளியே இல்லாத நேரத்தில் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் விழுந்தார்கள். முதல் கேஸுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் இரண்டு முதல் மூன்று வார இடைவெளி. மனித உடம்பில் நோய் வெளிப்பட ஒரு வாரத்துக்குள்தான் ஆகும். மிச்ச நாள் எங்கே போனது? வீட்டில் ஏதோ ஒன்று, நோயை வாங்கி வைத்துக்கொண்டு பழுக்க வைக்கிறது. கார்ட்டர் கொசு என்று சொல்லவில்லை. ஆனால் ஃபின்லேவின் கொசுவையும் இவருடைய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூட்டும் சாவியும் மாதிரி இருந்தது.

போர் முடிந்தது, குழு வந்தது

அதே 1898-ல் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்து கியூபாவைப் பிடித்தது. 64 வயதில் ஃபின்லே அமெரிக்கப் படைக்கு மருத்துவராக உதவப் போனார். குண்டில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. ஹவானாவைத் தேய்த்துக் கழுவி, சாக்கடையைச் சுத்தம் செய்து பார்த்தது ராணுவம். 1900-ல் மஞ்சள் காய்ச்சல் இன்னும் அதிகமானது. பளிச்சென்று இருந்த வீடுகளிலும் ஆள் செத்தார்கள்.

ராணுவ டாக்டர் வால்டர் ரீட் தலைமையில் நால்வர் குழு அந்த ஜூன் மாதம் வந்து இறங்கியது. ஜேம்ஸ் கரோல், ஜெஸ்ஸி லசியர், அரிஸ்டிடிஸ் அக்ரமோண்டே மற்ற மூவர். ஏதாவது பாக்டீரியா சிக்குமா என்று தேடி ஒன்றும் கிடைக்காமல், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபின்லே வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 19 வருஷம் கழித்து ஒரு அரசாங்கக் குழு தேடி வருகிறது. அவர் முகம் சுளிக்கவில்லை. தன் குறிப்புகளைக் கொடுத்தார், கூடவே தான் வளர்த்த கொசுவின் முட்டைகளையும் கொடுத்தார். கறுப்பாக, சுருட்டு வடிவத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் இருக்கும் முட்டைகள். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

லசியர் அவற்றைப் பொரிக்க வைத்து வளர்த்தார். ஆகஸ்ட் 27 அன்று கரோல் தன் கையை நீட்டினார். கடித்த கொசு, நோயின் இரண்டாம் நாளில் இருந்த ஒருவரை 12 நாளுக்கு முன் கடித்தது. அந்த இரண்டு எண்ணும் அன்று தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டன. கரோல் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். செப்டம்பரில் லசியருக்கும் வந்தது. செப்டம்பர் 25-ம் தேதி, 34 வயதில் அவர் இறந்தார்.

நவம்பரில் ஹவானாவுக்கு வெளியே லசியர் பெயரில் ரீட் ஒரு முகாம் போட்டார். இரண்டு மரக் குடிசைகள். ஒன்றில் கறுப்பு வாந்தியும் மலமும் படிந்த படுக்கைகளில் மூன்று பேர் 20 ராத்திரி தூங்கினார்கள். நாற்றத்தில் வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தார்களே தவிர, யாருக்கும் நோய் வரவில்லை. நூற்றாண்டுகளாக எரித்த துணிமணி மேல் இருந்த பழி அன்றோடு போனது. இன்னொரு குடிசை சுத்தபத்தமாக இருந்தது. நடுவில் கம்பி வலை. ஒரு பக்கம் கொசு, மறுபக்கம் இல்லை. கொசு இருந்த பக்கம் படுத்தவருக்கு நோய். வலைக்கு அந்தப் பக்கம் அதே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

பங்கேற்றவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினார்கள். ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு 100 டாலர் தங்கம், நோய் வந்தால் இன்னொரு 100. வறுமையில் இருந்தவரின் கையெழுத்து எவ்வளவு தூரம் சம்மதம் என்பது இன்றைக்கும் மருத்துவ அறவியல் வகுப்புகளில் கிளம்பும் கேள்வி. அந்த முகாமில் யாரும் சாகவில்லை.

சாவு அடுத்த ஆண்டு வந்தது. கொசுக்கடியால் லேசான நோயைக் கொடுத்துத் தடுப்பூசி மாதிரி செய்யலாம் என்ற ஃபின்லேவின் பழைய யோசனையை 1901-ல் ஹவானாவின் லாஸ் அனிமாஸ் மருத்துவமனையில் மறுபடி முயன்றார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிளாரா மாஸ் என்ற 25 வயது நர்ஸ். அதோடு மனிதர்கள் மேல் அந்தச் சோதனை நின்றது. ஃபின்லேவின் 20 வருஷச் சோதனைகளில் நாள் கணக்கு தப்பியது ஒருவகையில் அந்த நூறு பேரின் அதிர்ஷ்டம்தான்.

தண்ணீர்ப் பீப்பாயில் முடிந்த நோய்

1901 பிப்ரவரியில் ஹவானாவின் சுகாதார அதிகாரி வில்லியம் கோர்கஸ் வேலையைத் தொடங்கினார். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மூடி, தேங்கிய நீரில் எண்ணெய், வீட்டில் புழு இருந்தால் அபராதம், நோயாளியைக் கொசுவலை அடித்த அறைக்குள் வைத்துப் பக்கத்து வீடுகளில் புகை. கேஸ் எங்கே வந்தாலும் அதைச் சுற்றி வளைப்பதுதான் திட்டம். 1900-ல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலில் 310 பேர் இறந்திருந்தார்கள். 1901-ல் 18. செப்டம்பருக்குப் பிறகு பூஜ்யம். பிறகு இதே கோர்கஸ் இதே வழியைப் பனாமாவில் செய்துகாட்டியதால்தான், பிரெஞ்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கைவிட்ட கால்வாயை அமெரிக்கா வெட்டி முடித்தது.

கியூபாவுக்கு இது உடல்நலப் பிரச்சினை மட்டும் இல்லை. 1901-ல் அமெரிக்கா கியூபாவின் மேல் சுமத்திய பிளாட் சட்டத் திருத்தத்தில், நகரங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டும் என்று தனியாக ஒரு நிபந்தனை இருந்தது. நோய் திரும்பி வந்தால் அமெரிக்காவும் திரும்பி வரலாம். 1902-ல் கியூபா சுதந்திரக் குடியரசானபோது அதன் தலைமைச் சுகாதார அதிகாரியாக உட்கார்ந்தவர் 68 வயது ஃபின்லே. 1905-ல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் மறுபடி தலைகாட்டியபோது அதை அடக்க வேண்டியவரும் அவரே. 1909 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பெயர் யாருக்கு?

ரீட் தன் கட்டுரையில் ஃபின்லேவுக்கு நன்றி சொன்னார். அவருடைய சோதனைகள் வெற்றி பெறவில்லை என்பதையும் எழுதினார். இரண்டும் உண்மை. 1902-ல் ரீட் குடல்வால் அறுவைக்குப் பிறகு இறந்துபோக, அமெரிக்கப் பாடப் புத்தகங்களில் நாயகன் அவரே ஆனார். வாஷிங்டனின் பெரிய ராணுவ மருத்துவமனைக்கு அவர் பெயரை வைத்தார்கள். கியூபாவில் கேட்டால் கதை தலைகீழ். நிரூபித்தவர் வேறு, கண்டவர் வேறு என்று பிரித்துச் சொன்னால் சண்டை பாதி குறையும். கோர்கஸ் மட்டும் கடைசிவரை ஃபின்லேவின் பக்கம் பேசினார்.

நோபல் பரிசுக்கு ஃபின்லே ஏழு முறை பரிந்துரைக்கப்பட்டார். ஒருமுறையும் கிடைக்கவில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கான நோபல் 1951-ல் போனது, 17டி தடுப்பூசியை உருவாக்கிய மேக்ஸ் தைலருக்கு. ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ போகிறவர்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டை வாங்குகிறார்களே, அந்த ஊசி அதுதான். ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிற இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இதுவரை பரவியதில்லை. வைரஸ் உள்ளே வந்தால் ஏற்றிச்செல்ல வண்டி தயாராக நிற்கிறது என்பதால்தான் விமான நிலையத்தில் அந்த அட்டையை அவ்வளவு கண்டிப்பாகக் கேட்கிறார்கள்.

ஃபின்லே 1915 ஆகஸ்டில் ஹவானாவில் காலமானார். வயது 81. தான் துரத்திய கிருமி எது என்று அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது 1927-ல். அவர் பிறந்த டிசம்பர் 3-ஐ கியூபாவும் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகின்றன.